செத்தவர்கள் ‘ம்’ கொட்டிய கொட்டகை

திருப்புல்லாணியிலிருந்து சேதுக்கரைக்குப் போகிற சாலையில் இப்போது புதுக் கூட்டம் ஒன்று சேருகிறது. அமாவாசைக்குக் கடலில் முழுக்குப் போட்டு, முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு, ஈர வேட்டியோடு வருகிற ஜனம் முன்பெல்லாம் நேராக பஸ் ஏறிவிடும். இப்போது வழியில் ஒரு தகரக் கொட்டகை முன்னால் வரிசையில் நிற்கிறது. எள்ளும் தண்ணீரும் கொடுத்தால் போதுமா? வாங்கிக்கொண்டவர், வந்து சேர்ந்தது என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? அந்தக் குறையைத் தீர்க்கத்தான் குருநாதன் அவதாரம் எடுத்திருக்கிறார்.

கொட்டகை வாசலில் பலகை தொங்குகிறது. ‘உம்காரச் சாமி. மறைந்தோர் மறுமொழி நிலையம்.’ கீழே சின்ன எழுத்தில், ‘ஞாயிறு விடுமுறை இல்லை.’ செத்தவர்களுக்கு மட்டும் விடுமுறை எதற்கு?

உள்ளே ஒரு மேசை, அதற்குப் பின்னால் சாமி என்கிற குருநாதன். தரையைத் தொடுகிற மாதிரி அதன்மேல் மஞ்சள் துணி. துணிமேல் குங்குமப் பொட்டு வைத்த லேப்டாப். பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. அதன் பெயர் ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர். கம்ப்யூட்டரிலிருந்து வருகிற சத்தத்தைப் பெருக்கிக் காதுக்கு அனுப்புகிற சாதனம். கடையில் கிடைக்கும். இங்கே அதற்கு மல்லிகைச் சரம் சாத்தி, சூடம் காட்டுகிறார்கள்.

பக்தர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, செத்தவரை நினைத்துக் கேள்வி கேட்க வேண்டும். அவருக்குச் சம்மதம் என்றால் காதுக்குள் ‘ம்ம்ம்ம்’ என்று அடித்தொண்டையில் ஒரு சத்தம் வரும். சம்மதம் இல்லையென்றால் ஒன்றும் வராது. கதை கேட்கிறவன் ‘ம்’ கொட்டவில்லை என்றால் தூங்கிவிட்டான் என்று எழுப்புகிற ஊர் நம்முடையது. ‘ம்’ கேட்டதும் ஆள் எதிரில் இருக்கிறார் என்று நம்பிவிட்டோம். உள்ளே போனவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வெளியே வந்தார்கள்.

ஒரு விவசாயி மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டார். “சாமி, ‘ம்’ மட்டுந்தான் சொல்றாக. ரெண்டு வார்த்தை பேச மாட்டாகளா?”

“ஏலே, நாக்குதான் வெந்து போச்சுல்ல. தொண்டைதான மிச்சம்” என்றார் சாமி.

நாக்கு வெந்த நெருப்பில் தொண்டை மட்டும் எப்படித் தப்பியது என்று கேட்க அங்கே ஆள் இல்லை. எரிக்காமல் புதைத்தவர்களின் கதை என்ன என்றும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாக்கை மண் தின்றுவிட்டது என்று சொல்லியிருப்பார். கேட்காத ஜனத்துக்குப் பதில் சொல்வது சுலபமான தொழில்.

கொட்டகைக்குப் பின்னால் மணலில் ஒரு இரும்புக் கம்பி ஆழமாக இறங்கியிருந்தது. அதற்குப் பெயர் பாதாளக் கம்பி. கறுப்புப் பெட்டியிலிருந்து ஒரு ஒயர் போய் அதில் சேர்ந்தது. கேள்வி கேட்பதற்கு முன் அந்தக் கம்பிக்கு உப்புத் தண்ணீர் ஊற்ற வேண்டும், வசதி உள்ளவர்கள் பாலும் ஊற்றலாம். ஊற்றினால் மறுமொழி கனமாக வரும் என்றார் சாமி. அதில் மட்டும் அவர் பொய் சொல்லவில்லை.

இந்தக் குருநாதன் முன்னே மைக் செட் வாடகைக்கு விட்டவர். கல்யாணமோ காதுகுத்தோ, அவர் செட்டைப் போட்டால் பாட்டுக்கு முன்னால் ‘ம்ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல் வந்து நிற்கும். பேச எழுந்த மாப்பிள்ளை வீட்டார் அந்த இரைச்சலைத் திட்டிவிட்டு உட்காருவார்கள். வாடகைகூடத் தராமல் துரத்தினார்கள். வேறு ஒருவராக இருந்தால் அந்தக் கோளாறைச் சரிசெய்யக் கற்றுக்கொண்டிருப்பார். குருநாதன் அதைக் கும்பிட வைக்கக் கற்றுக்கொண்டார்.

இந்தக் கொட்டகைக்குத்தான் முருகலட்சுமியைக் கூட்டி வந்தான் அவளுடைய கொழுந்தன் காளிதாஸ்.

முருகலட்சுமியின் புருஷன் வேல்ராஜ் போன ஐப்பசியில் நெஞ்சு வலியில் போய்விட்டார். அவளுக்கு மிச்சம் ஒரே மகள் சத்யப்பிரியாவும், முண்டு மிளகாய் விளைகிற புஞ்சையும். அந்தப் புஞ்சைமேல் காளிதாசுக்குக் கண். சோலார் கம்பெனிக்காரர்கள் குத்தகைக்கு இடம் தேடி அலைகிறார்கள். தன் பங்கோடு அண்ணன் பங்கையும் தன் பெயருக்கு எழுதி வாங்கிவிட்டால் உட்கார்ந்து சாப்பிடலாம். கொழுந்தன் கேட்டால் அவள் தர மாட்டாள். புருஷனே கேட்டால்?

முதல் நாள் ஹெட்போனில் ‘ம்ம்ம்ம்’ கேட்டபோது முருகலட்சுமி மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் படுத்த மனிதர் திடீரென்று இல்லாமல் போனால், ஒரு முனகல் கிடைத்தால்கூடப் போதும் என்றுதான் இருக்கும். அந்தத் தவிப்பை வைத்துக் கடை போட்டவனைத்தான் நான் செருப்பால் அடிப்பேன்.

சத்யப்பிரியா வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் பேசிப் பதிவு செய்து கம்பெனிக்கு அனுப்புவாள். பதிவை நுணுக்கமாகக் கேட்க அவளும் ஒரு ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் வாங்கியிருந்தாள். வாங்கிய நாளிலிருந்து அதில் ஒரு இரைச்சல். ஒருநாள் அவள் எழுந்து போன நேரம், அம்மா விளையாட்டாக ஹெட்போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

“ப்ரியா, இங்கன வா தாயி. உங்கய்யா நம்ம வீட்டுக்கே வந்துட்டாக.”

மகள் வாங்கிக் கேட்டாள். அதே பழைய இரைச்சல். “இதையா சாமி கொட்டகையில கேட்ட?” என்றாள்.

“இதேதான். அதே தொண்டை.”

அன்றைக்கு சத்யப்பிரியா பாடத்தை ஒதுக்கி வைத்துவிட்டுச் சத்தத்தைத் தேட ஆரம்பித்தாள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவது என்று வைத்துக்கொண்டாள். வேறு ஹெட்போன் மாட்டினாள், இரைச்சல் போகவில்லை. ஒயரை மாற்றினாள். மின்விசிறியை நிறுத்தினாள். செல்போனைக் கொண்டுபோய் அடுப்படியில் வைத்தாள். கடைசியில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினாள். லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருந்தது, இரைச்சல் மட்டும் நின்றுவிட்டது.

“வந்த மனுசன விரட்டிட்டியேடி” என்றாள், ஹெட்போனை வாங்கி மாட்டிக் கேட்ட அம்மா.

சத்யப்பிரியா சார்ஜரைத் திரும்பச் சொருகினாள். ‘ம்ம்ம்ம்.’ “இந்தா, திரும்ப வந்துட்டாக.”

“கூப்புட்டா வாராகல்ல. அப்புறம் என்ன?”

நம்ப வேண்டும் என்று முடிவு கட்டியவர்களுக்கு நிரூபணமும் பிரசாதம்தான். “அம்மா, அய்யாகிட்ட மணி என்னன்னு கேட்டா கடிகாரம் வாங்குன கதையிலருந்து சொல்வாக. அவுக ‘ம்’னு நிறுத்தி என்னைக்குப் பார்த்த?” என்று மட்டும் கேட்டாள் மகள். அம்மா ஹெட்போனைக் கழற்றி வைத்தாள்.

அடுத்த அமாவாசை வந்தது. காளிதாஸ் பத்திரத்தோடும் பேனாவோடும் சொந்தக்காரர்களோடும் கொட்டகைக்கு வந்து இறங்கினான். குடும்பக் கேள்வி என்பதால் எல்லோரும் கேட்கும்படி சாமி தன் பழைய மைக் செட் ஒலிபெருக்கிப் பெட்டியை இணைத்திருந்தார். குடும்பக் கேள்விக்குக் காணிக்கையும் தனி. அம்மாவுக்குப் பக்கத்தில் நின்ற சத்யப்பிரியா, சாமியின் கைகள் மேசைமேல் இருப்பதையும் கால்கள் மட்டும் துணிக்குள் மறைந்திருப்பதையும் கவனித்தாள். பாதாளக் கம்பிக்குப் பால் ஊற்றியாயிற்று.

“அண்ணே,” என்று காளிதாஸ் குரலைத் தாழ்த்தினான். “புஞ்சைய எம் பேருக்கு மதினி எழுதிக் குடுக்கலாம்ல?”

பெட்டியில் ‘ம்ம்ம்ம்’ என்று கொட்டகை அதிர்ந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. “சொன்னது காதுல விழுந்துச்சுல்ல மதினி?” என்று காளிதாஸ் பேனாவை நீட்டினான். முருகலட்சுமி வாங்கிக்கொண்டாள்.

சத்யப்பிரியா அப்போது ஒரு காரியம் செய்தாள். சாமிக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். சாமி காலில் விழுகிறவளை யார் தடுக்க முடியும்? விழுந்த வேகத்தில் மஞ்சள் துணிக்குள் கையை நுழைத்து, சாமியின் இரண்டு பாதங்களையும் இறுக்கிப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“போதும் தாயி, எந்திரி” என்றார் சாமி.

“மாட்டேன் சாமி. இந்தப் பாதம் எனக்கு இன்னொருக்கா கெடைக்குமா?”

என்ன பக்தி என்று கூட்டம் உருகியது. சாமி மட்டும் காலை உதறினார். அவள் விடவில்லை. பெட்டியிலிருந்து வந்த ‘ம்ம்ம்ம்’ நிற்கவுமில்லை.

“அம்மா,” என்று படுத்தபடியே கூப்பிட்டாள் சத்யப்பிரியா. “அய்யா இன்னும் ‘ம்’ கொட்டிக்கிட்டுத்தான் இருக்காக. காளிதாஸ் சித்தப்பா கேட்டுட்டாரு. இப்ப நீ கேளு. உனக்கு விடை தெரிஞ்ச கேள்வியாக் கேளு.”

முருகலட்சுமி பெட்டியின் பக்கம் திரும்பினாள். அவளுக்குக் கல்யாணம் நடந்தது திருப்புல்லாணிக் கோயிலில். “நம்ம கல்யாணம் உத்தரகோசமங்கையில நடந்துச்சா?” என்று கேட்டாள்.

‘ம்ம்ம்ம்.’

“நமக்கு மூணு ஆம்பளப் பிள்ளைகளா?”

‘ம்ம்ம்ம்.’

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். முருகலட்சுமியின் முகம் இறுகியது. “உங்க பேரு காளிதாசா?”

‘ம்ம்ம்ம்’ என்றார் வேல்ராஜ், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

சத்யப்பிரியா எழுந்து மஞ்சள் துணியை இழுத்தாள். சாமியின் கட்டைவிரல் இருந்த இடத்தில் ஒரு சுவிட்சுப் பலகை. லேப்டாப் சார்ஜர் அதில் சொருகியிருந்தது. அவள் சுவிட்சை அணைத்தாள், செத்தவர் அடங்கினார். போட்டாள், எழுந்தார். மறுபடி அணைத்தாள்.

“சார்ஜர் வழியா லேப்டாப்புக்கு ஒரு எர்த் வருது. இந்தக் கறுப்புப் பெட்டிக்கு வெளிய இருக்க கம்பியில தனி எர்த். லேப்டாப்புக்கும் பெட்டிக்கும் நடுவுல இருக்க ஒயரு ரெண்டு எர்த்தையும் சேக்குது. அதுக்குள்ள கரண்டு சுத்துது, அந்த இரைச்சலைத்தான் இந்தப் பெட்டி பெருக்கிக் குடுக்குது. நீங்க பால் ஊத்துனது எர்த்துக் கம்பிக்கு. ஈரமானா இரைச்சல் கூடும், அவ்வளவுதான்.”

சாமி லேசில் விடுவாரா? தொண்டையைச் செருமிக்கொண்டார். “சின்னப் புள்ள, உனக்கு விளங்காது. சார்ஜர் ஒரு வாகனம். ஆவி அதுல ஏறித்தான் வரும்.”

“அப்ப வாகனத்தக் கழட்டிருவோம்” என்று சத்யப்பிரியா சார்ஜரைப் பிடுங்கிச் சாமியின் மடியில் போட்டாள். “நடந்து வரச் சொல்லுங்க. எங்கய்யா சேதுக்கரைக்கு நடந்தே போய்ட்டு வாற ஆளு. கூப்புடுங்க.”

சாமி கண்ணை மூடிக் கூப்பிட்டார். கூட்டம் மூச்சுவிடாமல் காத்திருந்தது. பெட்டி ஊமையாகக் கிடந்தது. சாமி மறுபடி கூப்பிட்டார். வெளியே பால் சிந்திய மணலைக் காக்கைகள் கிளறுகிற சத்தம்தான் கேட்டது.

வரிசையிலிருந்து ராக்கு என்கிற பொம்பளை முன்னால் வந்தாள். களை எடுக்கப் போகிறவள், சாமிக்குப் புதியவள் அல்ல. “எம் புருசன் ‘ம்’ சொல்லிட்டாகன்னு மக சிநேகாவ காலேசுக்குப் போவேணாம்னு நிறுத்துனேன். அது யாரு சாமி சொன்னது? உங்க காலு விரலா?” சத்தம் போடாமல்தான் கேட்டாள். சாமி குனிந்து செருப்பைத் தேடினார். ஆட்கள் வழியை அடைத்து நின்றுகொண்டார்கள், ஒருத்தர் போலீசுக்குப் போன் போட்டார்.

இவ்வளவுக்கும் பிறகு காளிதாஸ் பத்திரத்தை மடக்கவில்லை. ஆசைக்கு எர்த்தும் கிடையாது, வெட்கமும் கிடையாது. சுவிட்சுப் பலகையைக் காட்டிச் சொன்னான். “அதச் சொருகிட்டு இன்னொருக்கா கேட்ருவோம் மதினி. அண்ணன் மனசுல என்ன இருந்துச்சுன்னு தெரிஞ்சிருமுல்ல.”

முருகலட்சுமி பேனாவை மூடி அவன் சட்டைப் பையில் செருகினாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. “எங்க வீட்டுலயும் சார்ஜர் இருக்கு தம்பி. வேணும்னா நான் அங்கனயே கேட்டுக்கிறேன். புஞ்சைய நாந்தான் பாக்கப் போறேன், எங்கிட்ட கேக்கணும்னா வாய் தொறந்து கேளு. நான் உயிரோடதான் இருக்கேன்.” மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தாள்.

கூட்டம் கலையும்போது ஒரு பெரியவர் சத்யப்பிரியாவின் பின்னால் ஓடி வந்தார். “தாயி, ஒண்ணே ஒண்ணு. நீ கழட்டிப் போட்டியே அந்தச் சார்ஜர், அது எந்தக் கடையில கெடைக்கும்? வீட்டுல வச்சுக் கேட்டா பலிக்குமா?”

அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. நான் சொல்வது இதுதான். சார்ஜருக்கு யோசிக்கத் தெரியாது, அதைக் குற்றம் சொல்ல முடியாது. நமக்கு என்ன கேடு?