வடக்கே தலைவைத்துப் படுத்த கார்

பல் விளக்காமலே பேர் வாங்கிய மனிதர் திருவண்ணாமலையில் ஒருவர்தான். ஊர் அவரைப் பல்லுவிளக்காத மேஸ்திரி என்றது. சொந்தப் பெயர் அவர் பெண்டாட்டிக்கே மறந்து போயிருக்கும். நானும் கார் மெக்கானிக்தான். இரண்டு வேளையும் பல் விளக்கினேன். என்னை ஊர் ஒன்றும் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். காலையில் ஸ்டார்ட் ஆகாத கார் என்றால், அவர் பெட்ரோல் டியூபைக் கழற்றி வாயில் வைத்து உறிஞ்சுவார். நாக்கில் உருட்டுவார். துப்புவார். பிறகு பம்பின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். "கம்மியா தள்ளுது" என்பார், இல்லை "ஜாஸ்தி" என்பார். அவ்வளவுதான் தீர்ப்பு. பல்பொடி போட்டால் ருசி கெட்டுவிடுமாம். அதனால் அன்றைய முதல் காரைப் பார்த்து முடிக்கும்வரை பல்பொடியைத் தொட மாட்டார். சில நாள் முதல் கார் மத்தியானம்தான் வரும். அன்று அவர் எதிரில் நின்று பேசியவர்கள் பாவம்.

செங்கம் ரோட்டில் அவர் ஷெட்டும் என் ஷெட்டும் பக்கத்தில் பக்கத்தில். நடுவில் ஒரு சோடாக் கடை. எழுபதுகளின் கடைசி. அவர் ஷெட்டில் கார்கள் வரிசையில் நிற்கும். என் ஷெட்டில் நிழல் நிற்கும்.

ஒரு டாக்டர் அவரிடம் போனார்.

"மேஸ்திரி, காத்தால வண்டி ஸ்டார்ட்டே ஆவறதில்ல."

இவர் காய்ச்சல் பார்ப்பது போலக் கார் மூடியில் கன்னத்தை வைத்தார்.

"டாக்டரே, சுடுதே."

"இப்பதானே டிரைவர் ஓட்டிக்கினு வந்தாரு."

"ஓடி வந்தவனப் புட்ச்சி, உனக்கு எழுந்திருக்க முடியலியான்னு கேட்டா இன்னா சொல்லுவான்? சூடா இருக்கற வண்டி பொய் சொல்லும். வூட்டுக்குப் போங்க. நாளைக்கி விடியறப்ப நான் வர்றேன். அதுவரைக்கும் சாவியத் தொடாதீங்க."

டாக்டர் சந்தோஷமாகத் திரும்பிப் போனார். என்னிடம் வந்திருந்தால் அப்போதே பார்த்திருப்பேன். சோடாக் கடையில் நாலு பேர் காதில் விழுகிற மாதிரி அதைச் சொன்னேன். டாக்டர் வரவில்லை. மறுநாள் இவர் ஒரு வாய் பெட்ரோலை உறிஞ்சித் துப்பிவிட்டு, டிரைவரைத் திரும்பிப் பார்த்தாராம். மண்ணெண்ணெய் கலந்ததை டிரைவரே அழுதுகொண்டு சொல்லிவிட்டாராம்.

ரமணாசிரமம் பக்கம் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவரின் வேன் படுத்துக்கொண்டது. இவர்தான் எழுப்பினார். வெள்ளைக்காரர் கட்டிப் பிடித்தார். உடனே விட்டார். சாயங்காலம் ஒரு பற்பசை டியூபைக் கொண்டுவந்து இவர் கையில் கொடுத்தார். இவர் அதை வைத்து ஹெட்லைட் கண்ணாடியைத் துடைத்தார். பளபளவென்று ஆனது. அதையும் ஊர் பத்து நாள் பேசியது. எனக்கு எந்த வெள்ளைக்காரரும் ஒன்றும் கொடுத்ததில்லை.

என் வீட்டில் இருப்பவள் சொன்னாள்: "அந்த ஆளு பல்லு வெளக்காமலே ஊர ஜெயிச்சிட்டாரு. நீங்க வெளக்கி வெளக்கி இன்னாத்த கண்டீங்க?"

என் பெரிய வாடிக்கை ஒன்றே ஒன்று. கீழ்பென்னாத்தூர் கடலை மண்டிக்காரர். மூன்று கார் வைத்திருந்தார். என் அடுப்பு எரிந்ததே அந்த மூன்று காரால்தான். அதில் ஓர் அம்பாசிடருக்குப் புது பெட்ரோல் பம்ப் போட்டேன். அப்போது மெட்ராஸிலிருந்து ஒரு பிரஷர் கேஜ் வாங்கி வந்திருந்தேன். பம்ப் எவ்வளவு தள்ளுகிறது என்று முள் காட்டும். ஊரில் வேறு யாரிடமும் இல்லை. பம்புக்கும் கார்பரேட்டருக்கும் நடுவில் மாட்டி எஞ்சினை ஓடவிட்டேன். முள் ஏறிச் சரியான இடத்தில் அசையாமல் நின்றது. அதே நேரம் பல்லுவிளக்காத மேஸ்திரி சோடாக் கடைக்கு வந்தார். கைவேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

"மேஸ்திரி, இங்க வந்து இதப் பாருங்க."

வந்தார். குனிந்து முள்ளை நன்றாகப் பார்த்தார்.

"நல்லா இருக்குது. மணி இன்னா ஆவுது?"

சோடாக் கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் கேஜைக் கழற்றி, டியூபை மாட்டி, மூடியை அறைந்து சாத்தினேன். காரை அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலையிலிருந்து அந்தக் கார் மக்கர். ஸ்டார்ட் ஆகும். இரண்டு இருமல் இருமும். செத்துவிடும். பிறகு பேட்டரி சாகிறவரை செல்ஃப் அடிக்க வேண்டும். டிரைவர் ஏழுமலை ஆள் வைத்துத் தள்ளி, எப்படியோ கிளப்பி என்னிடம் ஓட்டி வருவான். என் ஷெட்டில் தொட்டால் ஸ்டார்ட். கேஜை மாட்டினால் முள் சரியாக நிற்கும். பிளக் மாற்றினேன். சோக் கேபிள் மாற்றினேன். கார்பரேட்டரை இரண்டு தடவை பிரித்தேன். மறுநாள் காலை மறுபடி இருமல்.

மண்டிக்காரர் சொன்னார்: "வெள்ளிக்கெழம காத்தால ஆறு மணிக்கு என் பையன் நிச்சயத்துக்கு வேலூர் போவணும். அன்னிக்கி வண்டி எழுந்திருக்கலன்னா, மூணு வண்டியும் அவருகிட்ட போயிடும். அப்புறம் என்ன ஒண்ணும் சொல்லக் கூடாது."

அந்த அவர் யார் என்று ஊருக்கே தெரியும்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் கீழ்பென்னாத்தூர் போனேன். காரைச் சில்லென்று இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். சொல்ல வெட்கம். அன்று நானும் பல் விளக்கவில்லை.

போனால், காருக்கு அடியிலிருந்து இரண்டு கால் நீட்டிக்கொண்டிருந்தது. அந்தச் செருப்பை எனக்குத் தெரியும்.

"சும்மா ஒரு பேச்சுக்குதான் வரச் சொன்னேன்" என்றார் மண்டிக்காரர்.

பல்லுவிளக்காத மேஸ்திரி அடியிலிருந்து வெளியே வந்தார். என்னைப் பார்த்தார். கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஏழுமல, வண்டி டெய்லி இந்த மேட்டுலதான் படுக்குதா?"

"ஆமாங்க. மூக்கு மேல, பின்னால பள்ளம்."

"மூக்கு எந்தப் பக்கம்?"

"வடக்க."

"வடக்க தல வெச்சி எவனாவது படுப்பானா? அப்புறம் எப்டி அது நல்லபடியா எழுந்திருக்கும்?"

மண்டிக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டு என்னைக் காட்டினார். "அப்போ நம்ம மேஸ்திரி மேல தப்பு இல்லியா?"

"அவரு போட்ட பம்ப்பு தங்கம். முள்ளு பொய் சொல்லுமா? வண்டியத் திருப்பிப் போடுங்க."

இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று எல்லார் எதிரிலும் கேட்க வாயைத் திறந்தேன். அதற்கு முன்னால் காரணத்தைக் கண்டுபிடித்து அவர் மானத்தை வாங்கிவிடலாம் என்று காருக்கு அடியில் போனேன். டேங்கிலிருந்து பம்புக்கு வரும் ரப்பர் டியூபைத் தொட்டேன். அதன் கிளிப் இறுக்கமாக இருந்தது. ஸ்க்ரூவின் தலையில் புதுக் கீறல் பளிச்சென்று தெரிந்தது.

அந்தக் கிளிப்பை அன்று நான் கையால் திருகியதோடு விட்டிருந்தேன். இறுக்க வேண்டிய நேரத்தில் முள்ளைக் காட்ட ஓடியிருந்தேன். இப்போது புரிந்தது. கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றால், தளர்ந்த கிளிப் வழியாகக் காற்று புகுந்து பெட்ரோல் விடிவதற்குள் டேங்குக்கே வழுக்கிப் போய்விடும். கார்பரேட்டரில் மிச்சம் இருந்தது இரண்டு இருமலுக்குத்தான் போதும். என் ஷெட்டோ சமதரை. வண்டியும் சூடாக வந்து நின்றது.

அடியிலிருந்து வெளியே வந்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் இரண்டு பேருக்கும் ஒரே சீட்.

"ஏன் சொல்லல?"

"இன்னாத்த?"

"கிளிப்ப."

"எந்த கிளிப்பு?" ஜன்னலுக்கு வெளியே கடலைக் காட்டைப் பார்த்தார். பிறகு மூக்கைச் சுளித்தார். "மேஸ்திரி, நீங்க இன்னிக்கிப் பல்லு வெளக்கலியா?"

"இல்ல."

"நாத்தம் தாங்கல. அந்தப் பக்கம் திரும்பிப் பேசுங்க."

வெள்ளிக்கிழமை தொட்டதும் கார் ஸ்டார்ட் ஆனது. நிச்சயம் நடந்தது. மூன்று காரும் என்னிடமே இருந்தன. அதன் பிறகு கீழ்பென்னாத்தூரில் மாட்டுவண்டியைக்கூட யாரும் வடக்கே பார்த்து நிறுத்தவில்லை. அந்தப் பெருமையும் அவருக்கே போனது. அதுவரை அவர் கைவேலையின் மேல்தான் எனக்குப் பொறாமை. அன்றிலிருந்து குணத்தின் மேலும் சேர்த்து.

அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. முதல் காரைத் தொடும்வரை இன்றும் நான் பல் விளக்குவதில்லை. எனக்கு ருசி ஒன்றும் தெரிவதில்லை.