உங்கள் ஊர்த் தீ, எங்கள் ஊர்த் தண்ணீர்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை புருஷன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே யாவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. நலமில்லை என்று தொடங்கினால் மீதியைப் படிக்காமலே நீங்கள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிடுவீர்கள் என்பதால், நலம் என்றே இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அக்காவின் முட்டிவலி தேவலையா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் உங்கள் ஊர்த் தீயணைப்பு நிலைய அதிகாரியாகப் பேசுவீர்கள். நானும் பக்கத்து ஊர் நிலையத்தின் பம்ப் டிரைவராக "சரிங்க சார்" என்று வைத்துவிடுவேன். கடிதத்தில்தான் நீங்கள் என் மகளுக்குத் தாய்மாமன். அந்த மாமனிடம் ஒரு காரியம் கேட்க வேண்டியிருக்கிறது. உங்கள் நிலையத்தில் ஹோஸ் பிடிக்கும் வேலையிலிருந்து அவளை எடுத்து, ஆபீஸில் போன் எடுக்கும் மேஜையில் உட்கார வைத்துவிடுங்கள். காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

போன வருஷம் நம் இரண்டு நிலையங்களும் சேர்ந்து நடத்திய கூட்டுப் பயிற்சி உங்களுக்கு மறந்திருக்காது. எங்கள் ஹோஸின் வாயும் உங்கள் ஹோஸின் வாயும் சேராமல், பொய்த் தீக்குப் போக வேண்டிய தண்ணீர் மேடையில் இருந்த இரண்டு ஊர் நகராட்சித் தலைவர்களையும் அணைத்துவிட்டுப் போனதே, அதைத்தான் சொல்கிறேன். சட்டையைப் பிழிந்த கையோடு எங்கள் தலைவர், ஒத்துழைப்பு என்றால் விட்டுக்கொடுப்பதுதான் என்று சொல்லி எங்கள் இணைப்புகளையெல்லாம் உங்கள் அளவுக்கு மாற்றினார். உங்கள் தலைவர் மட்டும் பெருந்தன்மையில் சளைத்தவரா? அவரும் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் உங்களுடையதை எங்கள் அளவுக்கு மாற்றினார். இரண்டு ஊரும் போட்டி போட்டு விட்டுக்கொடுத்ததில் இரண்டு வாயும் பழையபடி சேராமலே போயின. இது தெரியவந்தது தையல்காரர் வீடு எரிந்த அன்றைக்குத்தான்.

அன்று நீங்கள் ஊரில் இல்லை; அயலூர் நிலையங்களோடு ஒத்துழைப்பது எப்படி என்ற மாநாட்டுக்குப் போயிருந்தீர்கள். அறிக்கை வந்திருக்கும். அறிக்கையில் இல்லாததை நான் எழுதுகிறேன். எல்லைத் தெருவில் கிழக்கு வரிசை உங்களுடையது, மேற்கு வரிசை எங்களுடையது. யார் ஊர்த் தீயோ அவர்கள் உள்ளே போக வேண்டும், மற்றவர்கள் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்பது நாம் போட்ட ஒப்பந்தம். தையல்காரர் வீடு கிழக்கு வரிசை. உங்கள் வண்டியில் இருந்த தண்ணீர் உடனே தீர்ந்துவிட்டது, என் வண்டி வந்து நின்றது, இரண்டு ஹோஸையும் சேர்த்தால் சேரவில்லை. உங்கள் ஆட்கள் எங்கள் ஆட்களைத் திட்ட, எங்கள் ஆட்கள் "உங்களுக்காகத்தாங்க மாத்தினோம்" என்று சொல்ல, உள்ளே ஒரு மனிதர் இருமிக்கொண்டிருக்கிறார் மச்சான். கடைசியில் என் மகள்தான் உங்கள் ஹோஸைக் கீழே போட்டுவிட்டு, எங்கள் ஹோஸை அப்படியே எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போகும்போது என்னைப் பார்த்து, "அப்பா, தண்ணி விடுங்க" என்றாள்.

பம்ப் டிரைவர் பம்பை விட்டு நகரக் கூடாது. நீங்கள் பரீட்சையில் கேட்கிற முதல் கேள்வியே அதுதான். அந்தக் கதவில் புகை வருவதைப் பார்க்க முடியாமல் நான் பம்பில் அழுத்தம் காட்டுகிற முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே அவள் தண்ணீரைத் திறந்தால் முள் இறங்கும், மூடினால் ஏறும். முள் அசைகிற வரைக்கும் என் பிள்ளை இருக்கிறாள். நடுவில் கொஞ்ச நேரம் அது அசையவில்லை. அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, என்னால் முடியாது. ஹோஸைப் போட்டுவிட்டுத் தையல்காரரைத் தோளில் தூக்கிக்கொண்டிருந்தாள் என்பது அவள் வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது. நடைபாதையில் படுக்க வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் போய்விட்டார். என் மகள் தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பத்தடி தூரத்தில் பெற்றவன் நிற்கிறேன், தீ இன்னும் அணையவில்லை, பம்பை விட்டுப் போக முடியவில்லை.

அன்றிலிருந்து லீவில் இருக்கிறாள். சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. ஒரே ஒரு தடவை, "வாய் சேர்ந்திருந்தா அவர் பொழைச்சிருப்பாராப்பா?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். டாக்டரைக் கேட்டேன், அவரும் சொல்ல முடியாது என்கிறார். உங்கள் தங்கையோ, "நெருப்புன்னா வாய் வெந்துடாதுன்னு சொல்வாங்க, இந்த வீட்ல வெந்துடும் போல, ஒருத்தரும் வாயத் திறக்கறதில்ல" என்று சொல்லிவிட்டு அவளும் திறப்பதில்லை. பிள்ளை இந்த வேலையில் சேரட்டும் என்று சிபாரிசு செய்த அண்ணனைப் பற்றி மட்டும் திறக்கிறாள். அதை எழுதினால் தபால்காரர் வாங்க மாட்டார்.

ஆகையால் மச்சான், அவளை மேஜைக்கு மாற்றுங்கள். நான் கேட்டதாகத் தெரிய வேண்டாம். இன்னொன்று, இணைப்புகளை நாங்களே மாற்றிக்கொள்கிறோம், நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். யாராவது ஒரு ஊர் மட்டும் பெருந்தன்மையாக இருந்தால் போதும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நெருப்புப் பக்கம் போகாத வேலையாகப் பார்த்து அமர்ந்து, நீண்ட ஆயுளோடு இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை புருஷன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும்போது வெளியே போயிருந்த மகள் வந்துவிட்டாள். கடிதத்தின் மேல் பேப்பரை இழுத்துப் போட்டேன். "மாமாவுக்குத்தானே?" என்றாள். பிறகு அவளாகவே பக்கத்தில் உட்கார்ந்தாள். தையல்காரர் வீட்டுக்குப் போய்விட்டு வருகிறாளாம். "அவரோட சம்சாரம் என் கையப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்லப்பா. எரிய விடாம வெளியில கொண்டு வந்தியே, முகத்தப் பார்த்து அனுப்பினேம்மான்னு சொல்லிச் சொல்லி அழுதாங்க" என்றாள். அவளும் அழுதாள், நானும் அழுதேன். உங்கள் தங்கை சாப்பாடு கொண்டுவந்து வைத்தாள், பிள்ளை தட்டை வழித்துச் சாப்பிட்டாள். பிறகு, "லீவ கேன்சல் பண்ணிட்டேன். சாயங்காலம் டியூட்டி, நாலு மணிக்கு எழுப்பி விடுங்கப்பா" என்று சொல்லிவிட்டுக் கூடத்திலேயே வெறும் தரையில் படுத்தவள், சொல்லி முடிப்பதற்குள் தூங்கிவிட்டாள்.

மேலே கேட்ட மேஜை மாற்றம் வேண்டாம். எழுப்ப எனக்கு மனமே இல்லை மச்சான். நாலு மணிக்கு எழுப்பிவிடுகிறேன்.