அப்புக்காத்து அண்ணையும் அணையாத சிவப்பு லைற்றும்

கொழும்பில் மனைவியிடம் பொய் சொல்லித் தப்பியவர்கள் இருக்கிறார்கள். ஒஃபிஸில் பெரியவரிடம் பொய் சொல்லித் தப்பியவர்களுக்குக் கணக்கே இல்லை. ஆனால் அப்புக்காத்து அண்ணையிடம் பொய் சொல்லித் தப்பிய ஒரே ஒரு ஆளை வெள்ளவத்தையில் காட்டுங்கள், இந்தப் பேனாவை இப்போதே மூடிவைத்துவிடுகிறேன். நானும் முயன்று பார்த்து, என் கலியாணத்தையே அந்தரத்தில் தொங்கவிட்டவன். ஆகவே அடித்துச் சொல்கிறேன்.

அப்புக்காத்து என்றால் வழக்கறிஞர். அண்ணை வழக்கறிஞர் இல்லை, கொம்பியூட்டர் திருத்துகிறவர். அதற்கு முன் கோர்ட்டுகள் இருக்கிற புதுக்கடையில் ஒரு வழக்கறிஞரிடம் இருபது வருடம் கிளாக்கராக இருந்தார். வழக்கறிஞர் காலமானார், ஒஃபிஸ் மூடப்பட்டது, கோர்ட்டு மட்டும் அண்ணையை விட்டுப் போகவில்லை. நான் இருந்த லொட்ஜின் மாடிப்படிக்குக் கீழே கடை போட்டார். மேசையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு பிரஷ், ஒரு கட்டு ஃபூல்ஸ்காப் தாள். அந்தத் தாள்தான் ஆபத்து.

மெஷினைத் தொடுவதற்கு முன் வீட்டில் உள்ள அத்தனை பேரிடமும் வாக்குமூலம் எடுப்பார். தனித்தனியாக. பெயர், வயது, கடைசியாக மெஷினைத் தொட்ட நேரம், தொட்டபோது கையில் வேறு என்ன இருந்தது. வாசித்துக் காட்டிக் கையெழுத்தும் வாங்குவார். "மெஷின் பொய் சொல்லாது தம்பி. வீட்டுக்காரர்தான் சொல்லுவினம்" என்பார். சிங்கள வாடிக்கையாளர் வந்தால் "அத்த கியன்ன மல்லி", அதாவது உண்மையைச் சொல்லு தம்பி, என்று அதே விசாரணையைச் சிங்களத்தில் தொடங்குவார். உண்மையைச் சொல்லும்வரை மல்லிக்கும் விடுதலை கிடையாது.

ஒருமுறை ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் லப்டொப்பைக் கொண்டுவந்தார். எழுத்துகள் ஒட்டிக்கொண்டு எழும்பவில்லை. "தண்ணிகூடப் படேல்லை" என்று சத்தியம் செய்தார். அண்ணை அவருடைய கணவரைக் கூப்பிட்டு விசாரித்தார். பத்தாவது நிமிடம் மனுசன் உடைந்து போனார். நீரிழிவுக்காரர். மனைவி கோயிலுக்குப் போன நேரம் மூன்று கரண்டி சீனி போட்டு ரீ குடித்திருக்கிறார்; அதில் பாதி லப்டொப்புக்குள் போயிருக்கிறது. திறந்து பார்த்தால் உள்ளே எறும்புகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. லப்டொப் அன்றே சரியாகிவிட்டது. அந்த வீட்டுச் சீனிப் போத்தல் இன்றைக்கும் பூட்டுக்குள்தான் இருக்கிறதாம்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். ஏழு வருடத்துக்கு முந்திய கதை. தர்ஷினியும் நானும் ஒரே ஒஃபிஸ். நாங்கள் விரும்பினோம், கொட்டாஞ்சேனையில் இருந்த அவள் வீட்டிலும் பெரிதாக எதிர்ப்பில்லை. தகப்பன் இல்லாத வீடு. பெரியப்பா சொல்வதுதான் சட்டம். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "புரோக்கர் மாஸ்டரிட்டப் பொருத்தம் பாக்கவேணும். பச்சை எரியவேணும்."

பச்சை என்ன பச்சை என்று நீங்கள் கேட்பீர்கள். புரோக்கர் மாஸ்டர் என்பவர் எங்கள் ஒழுங்கையில் ஃபிளாட் வைத்திருந்த கலியாணத் தரகர், முன்னாள் கணித ஆசிரியர். கனடாவுக்குப் போன மருமகன் விட்டுவிட்டுப் போன மெஷினில் ஜாதகம் பார்ப்பார். அது கேம் விளையாடுகிறவர்களின் மெஷின். பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே படம் காட்டுகிற கிராஃபிக்ஸ் கார்ட், அந்தக் கார்ட் முழுக்க அலங்கார லைற். மாஸ்டர் இரண்டு ஜாதகத்தையும் அடித்துக் கண்ணை மூடுவார். பொருத்தம் என்றால் கார்ட் பச்சையாக எரியும். பெரியப்பாவின் மூத்த மகளுக்கும் இங்கேதான் பச்சை எரிந்தது. அவள் கல்கிசையில் மிக நன்றாக வாழ்கிறாள். அதற்குப் பிறகு பெரியப்பா கிரகங்களை நம்பியதைவிட அந்தக் கார்ட்டைத்தான் அதிகம் நம்பினார்.

குறித்த நாளில் எல்லோரும் மாஸ்டர் வீட்டில் கூடினோம். பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று திரையில் வந்தது. எனக்கு வாயெல்லாம் பல். மாஸ்டர் கண்ணை மூடினார். கார்ட் ஒருமுறை துடித்தது. பிறகு சிவந்தது. சிவப்பென்றால் அப்படி ஒரு சிவப்பு! சுவர், கூரை, பெரியப்பாவின் வழுக்கை எல்லாம் சிவந்தன.

மாஸ்டர் கண்ணைத் திறந்து திடுக்கிட்டார். மெஷினை நிறுத்தித் திரும்பப் போட்டார், சிவப்பு. பிளக்கைக் கழற்றிக் குத்தினார், சிவப்பு. தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கண்ணாடிக்கு மேல் போட்டார். துவாயும் சிவந்தது.

"மூடி மறைக்காதேயுங்கோ மாஸ்டர்!" பெரியப்பா எழும்பிவிட்டார். "எட்டுப் பொருத்தம் இருந்தென்ன, பத்து இருந்தென்ன? சிவப்பெல்லோ எரியுது. தர்ஷினி, வெளிக்கிடு."

"ஐயா, ஒரு அரை மணித்தியாலம் பொறுங்கோ. மெஷினிலதான் பிழை" என்று மாஸ்டர் கெஞ்சினார். "திருத்திற ஆள் கீழ, இந்த ஒழுங்கையிலதான் இருக்கிறார்."

"அப்ப என்ர கண்ணுக்கு முன்னால திருத்தட்டும்" என்று பெரியப்பா மறுபடி உட்கார்ந்தார். கதவுக்கும் எனக்கும் நடுவில்.

அப்புக்காத்து அண்ணை படியேறி வந்தார். ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவர், மறு கையில் ஃபூல்ஸ்காப் தாள். தாளைக் கண்டதும் நான் மாஸ்டரின் கதிரைக்குப் பின்னால் ஒதுங்கினேன். காரணத்தை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். முதல்நாள் பின்னேரம் பிறந்த நேரத்தைச் சரிபார்க்கிற சாட்டில் நான் அங்கே வந்திருந்தேன். மாஸ்டர் ரீ போடக் குசினிக்குப் போன நேரத்தில், லைற்றின் நிறத்தை மாற்றுகிற ஒரு புரோகிராமை மெஷினில் ஏற்றி, பொருத்தம் திரையில் வந்ததும் பச்சை எரியும்படி வைத்துவிட்டேன். கிரகம் கைவிட்டாலும் கார்ட் கைவிடக்கூடாதென்ற முன்னேற்பாடு!

அண்ணை மெஷினைத் திறக்கவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தாளை மடியில் வைத்துப் பேனாவைத் திறந்தார். திரையில் புரோகிராம்களின் பட்டியலை எடுத்து மெல்ல வாசித்தார்.

"நேற்றுப் பின்னேரம் ஐஞ்சு பத்துக்கு ஒண்டு ஏறியிருக்குது. ஆர் ஏத்தினது?"

"நானில்லை" என்றார் மாஸ்டர். உண்மையாகவே அழுகிற குரல்.

அண்ணை என் பக்கம் திரும்பினார். "தம்பி, நேற்று ஐஞ்சு பத்துக்கு நீர் எங்க நிண்டனீர்?"

"லொட்ஜில அண்ணை."

"லொட்ஜுக்குப் போற படி என்ர தலைக்கு மேலதான் இருக்குது. நீர் ஆறு மணிக்குத்தான் ஏறினனீர். வாயில பருத்தித்துறை வடையும் இருந்தது. அந்த வடை இந்த ஒழுங்கையில மாஸ்டர் வீட்டில மட்டும்தான் கிடைக்கும். திருப்பிக் கேக்கிறன், எங்க நிண்டனீர்?"

ஐயோ, வடையே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது! "நான்தான் ஏத்தினனான்" என்றேன்.

பெரியப்பா கொதித்தார். "கள்ளப் பொடியன்! இவனுக்கோ என்ர பிள்ளை?"

"இருங்கோ ஐயா. வழக்கு முடியேல்லை" என்றார் அண்ணை. "லைற்றை ஆட்டிற புரோகிராம் இன்னொண்டும் கிடக்குது. இது நாலு வருசப் பழசு. மாஸ்டர், கண்ணை மூடேக்க உங்கட இடக்கை மேசைக்குக் கீழ ஏன் போறது?"

மாஸ்டர் துவாயால் முகத்தைத் துடைத்தார். மேசைக்குக் கீழே ஒரு குட்டிக் கீபோர்ட் ஒட்டியிருந்தது. எட்டுப் பொருத்தமோ அதற்கு மேலோ வந்தால் பச்சைக்கு ஒரு தட்டு. அவ்வளவுதான் தெய்வ சங்கற்பம்.

"விளங்குதோ ஐயா?" என்றார் அண்ணை. "ரெண்டு புரோகிராமும் ஒரேயடியாக் கட்டளை போட்டிருக்குது. ரெண்டு அப்புக்காத்துமார் ஒண்டாக் கத்தினால் நீதவான் என்ன செய்வார்? கார்ட் பாவம், குழம்பிச் சிவந்து போய் நிக்குது."

பெரியப்பாவுக்கு அது காதில் விழவில்லை. அவர் மாஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப என்ர மூத்தவளுக்கு எரிஞ்ச பச்சை?"

"அதுவும் நான் அமத்தினதுதான்" என்றார் மாஸ்டர், நிலத்தைப் பார்த்தபடி.

என் வாழ்க்கை அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் வெந்துகொண்டிருந்தது. அப்புக்காத்து அண்ணை மட்டும் பேனாவை மூடிவைத்துவிட்டு, வழக்கத்தில் இல்லாத மெதுவான குரலில் கேட்டார்.

"மகள் எப்பிடி இருக்கிறா ஐயா?"

"குறையில்லை. நல்லா இருக்கிறா."

"மருமகன்?"

"தங்கமான பிள்ளை."

"ஆர் சொன்னது? லைற்றோ?"

"லைற் என்ன சொல்லுறது? நான் பாத்துச் சொல்லுறன்!" என்றார் பெரியப்பா. சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்ப இந்தப் பொடியனையும் நீங்களே பாருங்கோவன்" என்றார் அண்ணை.

பெரியப்பா என்னை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை பார்த்தார். "ஏன் தம்பி உந்தக் கள்ள வேலை பாத்தனீர்?"

"பயத்தில ஐயா. தர்ஷினியைத் தராமல் விட்டிடுவியளோ எண்டு."

"எனக்கு இந்தக் கள்ளன்தான் வேணும் பெரியப்பா" என்றாள் தர்ஷினி. அன்று அவள் பேசியது அது ஒன்றுதான். அதுவே போதுமானதாக இருந்தது.

பெரியப்பா தொண்டையைச் செருமினார். "முதல்ல அந்தச் சிவப்பை நூர்த்து விடுங்கோ. கண் நோகுது."

அண்ணை கையை மடித்துவிட்டார். என் புரோகிராமை அழித்தார். மாஸ்டரின் புரோகிராமையும் அழித்தார். பிளக்கைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அமத்திப் பிடித்து, உள்ளே மிச்சமிருந்த கரண்டை வடியவிட்டார். பிறகு கார்ட் செய்த கொம்பனியின் புரோகிராமை மட்டும் ஏற்றினார். "ஒரு வழக்குக்கு ஒரு அப்புக்காத்து காணும்" என்றபடி ஒரு தட்டுத் தட்டினார். சிவப்பு அணைந்தது. சுவர் பழைய வெள்ளைச் சுவரானது. நான் வாய்விட்டுக் கத்தினேன். மாஸ்டர் கைதட்டினார். நாலு வருட நடிப்பு முடிந்த நிம்மதியோ என்னவோ, அவர்தான் அதிக நேரம் தட்டினார்.

லைற் எரியாத அந்தக் கறுப்புக் கார்ட்டைப் பெரியப்பா குனிந்து பார்த்தார். "எட்டுப் பொருத்தம் இருக்குதெல்லோ? அது காணும். கலியாணத்துக்கு நாள் பாப்பம்" என்றார். வெற்றி! அந்த மத்தியானம் பஸ்கள் இரைந்தோடும் காலி வீதியில் நான் நடக்கவில்லை, மிதந்தேன்.

கலியாணத்துக்கு எல்லோரும் என்வலப் கொடுத்தார்கள். அண்ணையும் கொடுத்தார். அதற்குள், அன்று மாஸ்டர் வீட்டில் அவர் எழுதிக் கையெழுத்து வாங்கிய என் வாக்குமூலம் இருந்தது. "மேற்படி குற்றத்தைத் தர்ஷினியைக் கட்டுவதற்காக மட்டுமே செய்தேன்" என்று முடிந்து, கீழே என் கையெழுத்து. அதற்கும் கீழே, சாட்சி என்ற இடத்தில், அண்ணையின் முழுப் பெயர். வெள்ளவத்தையில் யாருக்கும் தெரியாத பெயர். நான் இங்கேயும் எழுதப்போவதில்லை. சண்டை வரும்போதெல்லாம் தர்ஷினி அந்தத் தாளை எடுத்து எனக்கு வாசித்துக் காட்டுவாள். வழக்கு அத்தோடு முடியும்.

எங்களுக்கு மகன் பிறந்தபோது எந்த எழுத்தில் பெயர் வைப்பது என்று பெரியப்பா பஞ்சாங்கத்தோடு ஓடித்திரிந்தார். நாங்கள் அலுமாரியைத் திறந்து அந்தத் தாளில் சாட்சி என்ற இடத்தைப் பார்த்தே பெயர் வைத்தோம். பிள்ளையைப் பார்க்க வந்த அப்புக்காத்து அண்ணை, அவனை மடியில் வாங்கிக்கொண்டு, "சின்ன ஐயாவுக்கு என்ன பேர்?" என்று கேட்டார். சொன்னோம். எவரையும் பத்துக் கேள்வி கேட்காமல் விடாத அந்த மனுசன், அன்று அடுத்த கேள்வி கேட்கவேயில்லை.