எதிர்க்கரையில் நிற்கிறானாம்

மதிப்பிற்குரிய தலைமை நூலகர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் நூலகத்தார் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலமாக இல்லை. அதற்குக் காரணம் நீங்கள்தான்.

ஊர் முழுக்க ஒரே நாவலைப் படிக்க வைக்கும் உங்கள் திட்டத்தை நான் குறை சொல்லவில்லை. குழந்தை பிறந்ததிலிருந்து மருந்துப் பாட்டிலில் ஒட்டியிருப்பதைத் தவிர நான் எதையும் முழுசாகப் படித்ததில்லை. அப்படிப்பட்டவள் இந்த நாவலை வாங்கிவந்து, குட்டி கண்ணசரும்போது ரெண்டு பக்கம், பால் குடிக்கும்போது ஒரு பக்கம் என்று படித்து, காணாமல் போன படகோட்டி பெண்டாட்டியிடம் திரும்பி வருவானா மாட்டானா என்று தவித்துக்கொண்டிருந்தேன். இந்த வீட்டில் எனக்கே எனக்கென்று இருந்தது அந்தத் தவிப்பு ஒன்றுதான்.

படித்து முடித்தவர்களுக்கெல்லாம் ‘முடித்துவிட்டேன், என்னிடம் பேசுங்கள்’ என்று மஞ்சள் பேட்ஜ் குத்திவிடும் யோசனை யாருடையது? தடுப்பூசிக்குப் போனால் டாக்டர் சட்டையில் மஞ்சள் பேட்ஜ். குட்டி அலறுகிறாள், இவர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, “எந்த அத்தியாயத்துல இருக்கீங்க?” என்கிறார். “சொல்லிடாதீங்க டாக்டர், இன்னும் முடிக்கல” என்றேன். “சே, சொல்வேனா? ஆனா அவன் வர்ற அன்னிக்கு ஒரு மழை பெய்யும் பாருங்க.” காதைப் பொத்திக்கொள்ளக் கை வேண்டாமா, கையில்தான் குழந்தை இருக்கிறதே. சரி, வருகிறான், எங்கே வருகிறான் என்றாவது தெரியாமல் இருக்கட்டும் என்று பார்த்தால் காய்கறிக்கடைக்காரர் தக்காளியை நிறுத்துக்கொண்டே, “எதிர்க்கரையில நிக்கிறான்க்கா, அதுக்கு மேல என் வாயைக் கிளறாதீங்க” என்கிறார். நான் கிளறவே இல்லை. அன்றைக்கே என் மாமியார் போன் செய்து, “இன்னுமா படிக்கிற? நானே சொல்லிடறேன், உனக்கு நேரம் மிச்சம்” என்று ஆரம்பிக்க, போனைக் குட்டியின் காதில் வைத்துவிட்டு நான் துணி காயப்போடப் போய்விட்டேன். ஆக, எங்கள் வீட்டில் முழுக்கதையும் தெரிந்தவள் அவள்தான். நல்லவேளை, இன்னும் பேச்சு வரவில்லை.

என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான் யோக்கியர். அவரும் பாதியில் இருக்கிறார். சாப்பிடும்போது நாங்கள் குழாய் ஒழுகுவதைப் பற்றி மட்டுமே பேசிக்கொள்கிறோம்.

ஆகவே, பேட்ஜ்களைத் திரும்பப் பெறவும், படிக்காதவரிடம் முடிவைச் சொல்கிற எவராக இருந்தாலும் தயவு தாட்சண்யமின்றி உறுப்பினர் அட்டையைப் பறிக்கவும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு கதையை வாய்க்குள் வைத்துக்கொள்ள முடியாதவர்களுக்குப் படிப்பு எதற்கு?

தங்கள் நூலகம் தழைக்கவும், ஊர் வாய் கொஞ்சம் ஓயவும் வாழ்த்தும்,
கடைசி அத்தியாயம் மிச்சமுள்ள ஒரு தாய்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் அதையும் படித்து முடித்துவிட்டேன். வருகிறான், நிற்கிறான் என்றார்களே, அவள் அவனை ஏற்றிக்கொள்ளாமல் காலிப் படகைத் திருப்பிக்கொண்டு போகிறாள் என்று ஒருத்தர் சொல்லவில்லையே. இதை ஒருத்தி எப்படித் தனியாக மனசில் வைத்துக்கொள்வாள்? வீட்டுக்காரரை எழுப்பி உட்காரவைத்து ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். இப்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவரும் உங்களுக்குத்தான் எழுதிக்கொண்டிருக்கிறார். அவர் கேட்பதை மட்டும் தயவுசெய்து செய்துவிடாதீர்கள்.