இத்தாலி ஓட்டிய மாப்பிள்ளை ஊர்வலம்

அந்தமானில் இத்தாலியைத் தெரியாதவர்கள் இரண்டே வகை. நேற்றுக் கப்பலில் வந்து இறங்கியவர்கள், இன்று இறங்கப் போகிறவர்கள். வேலை மாற்றலாகிப் போர்ட் பிளேருக்கு வந்த எனக்கே மூன்றாம் நாள் அறிமுகமாகிவிட்டார்.

அபர்டீன் பஜாரில் குடையும் தார்ப்பாயும் விற்பவர். தாத்தா காலத்திலிருந்து தீவுக்காரர். மெயின்லேண்டுக்குத் திரும்பிய ஒரு பெரிய அதிகாரியிடம் இவருடைய அப்பா வாங்கிப்போட்ட பழைய இத்தாலியக் கார் ஒன்று இவரிடம் இருந்தது. பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டோடு சரி. பஜாருக்கு அவர் இத்தாலிதான்.

ஞாயிற்றுக்கிழமையானால் கழுத்தில் ஒரு பட்டுத் துணியைக் கட்டிக்கொண்டு, கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு, ஃபெரார்கஞ்ச் பக்கம் கிளம்பிவிடுவார். ஒருமுறை என்னையும் ஏற்றிக்கொண்டார். வளைந்து போகும் ரோட்டையும் மேட்டில் தெரிந்த ஓட்டு வீட்டையும் காட்டி, "இத்தாலி கிராமம் அப்படியே இதுதான் சார். அங்க திராட்சை, இங்க பாக்கு. அவ்ளோதான் ஃபரக்" என்றார். வித்தியாசத்துக்குத் தீவு ஹிந்தியில் அப்படிப் பெயர். மனுஷர் கடல் தாண்டிப் போனது சென்னை வரைக்கும்தான். அதுவும் ஊர் வறண்டு கிடக்கிறது என்று கோபித்துக்கொண்டு அடுத்த கப்பலிலேயே திரும்பிவிட்டார்.

அந்தக் காரை எல்லோரும் முந்திப் போவார்கள். ஆட்டோ போகும், டவுன் பஸ் போகும், மீன் கூடை கட்டிய சைக்கிள்கூடப் போகும். இவர் அலட்டிக்கொள்ளவே மாட்டார். போகிறவனுக்கு ஊரைப் பார்க்கத் தெரியவில்லை என்பார்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவருக்கு வாய் அடைத்துப்போகும். வடக்கே நடு அந்தமானிலுள்ள ரங்கத் என்ற ஊரில் நடந்த தங்கையின் கல்யாணத்துக்கு இதே காரில் கிளம்பி, பாதி வழியில் வண்டி மக்கர் பண்ணி, தாலி கட்டி முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தாராம். கூடப்பிறந்தவன் இல்லாத கல்யாணம் என்று ஊர் பேசியது. அதை அவர் மறக்கவே இல்லை.

அந்தத் தங்கையின் மகளுக்கு எங்கள் ஆபீஸ் பையனைப் பேசி முடித்தேன். மாப்பிள்ளை அழைப்பு தன் காரில்தான் என்று இத்தாலி அறிவித்துவிட்டார். ஊரில் உள்ளவர்கள் கோயிலிலிருந்து மண்டபம் வரை அழைப்பார்கள். இவர் போர்ட் பிளேரிலிருந்து ரங்கத் வரை அழைப்பதாக ஏற்பாடு. காருக்கு மாலைகூடப் போட்டாயிற்று.

மாப்பிள்ளையின் தாய்மாமன் மதுரையிலிருந்து வந்திருந்தார். வந்ததிலிருந்து அவருக்குத் தீவில் காபி பிடிக்கவில்லை, கொசு பிடிக்கவில்லை, மழையும் பிடிக்கவில்லை. காரை ஒரு சுற்று சுற்றி வந்து, "இது போய்ச் சேருமா, இல்ல மாப்பிள்ளை தள்ளிக்கிட்டே வரணுமா?" என்றார். தான் ஏசி டாக்ஸியில் நிதானமாகக் கிளம்பி, வழியிலேயே எங்களை முந்திப்போய் நிற்கப் போவதாகவும் சொன்னார்.

"அச்சா ஜி" என்றார் இத்தாலி, மகா பணிவாக. அந்தப் பணிவு எனக்கு அப்போதே சந்தேகமாக இருந்தது.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். ரங்கத் போகும் ரோடு ஜாரவா பழங்குடி மக்களின் காட்டுக்குள் போகிறது. ஜிர்காடாங் செக்போஸ்ட்டில் எல்லா வண்டிகளும் வரிசையில் நின்று, கேட் திறந்ததும் போலீஸ் ஜீப்புக்குப் பின்னால் கான்வாயாகத்தான் போகவேண்டும். உள்ளே நிற்கக் கூடாது. யாரும் யாரையும் முந்தவும் கூடாது. இதைத் தாய்மாமனிடம் சொல்ல இத்தாலிக்கு ஏனோ தோன்றவில்லை.

விடிவதற்குள் போய் வரிசையில் முதல் ஆளாக நின்றோம். தாய்மாமன் இட்லி சாப்பிட்டு முடித்து வந்து கடைசியில் சேர்ந்தார்.

காட்டுக்குள் முதல் பெரிய மேட்டிலேயே எஞ்சின் சூடேற ஆரம்பித்தது. இத்தாலி பட்டுத் துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். துணியை மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டு கியரை மாற்றினார். இங்கே நின்றால் வரிசை மொத்தமும் நின்றுவிடும், அழைப்பும் போச்சு. தங்கை முகத்தில் எப்படி விழிப்பது?

"பேசாம வாங்க சார், இவ ரொம்ப ரோஷக்காரி" என்றவர், காரைத் தட்டிக்கொடுத்துக் கெஞ்சத் தொடங்கினார். முதலில் தமிழில், பிறகு ஹிந்தியில், மேடு முடியாததால் கடைசியில் எந்த நாட்டிலும் இல்லாத ஒரு இத்தாலி பாஷையில். கார் நடந்துபோகிறவன் வேகத்தில் ஏறியது. முன்னால் போன ஜீப் நாலு தடவை எங்களுக்காக வேகத்தைக் குறைத்தது.

பின்சீட்டிலிருந்த மாப்பிள்ளை திரும்பிப் பார்த்து வாயைப் பிளந்தான். பஸ்கள், டூரிஸ்ட் வேன்கள், காய்கறி லாரி எல்லாம் எங்கள் மாலை போட்ட காருக்குப் பின்னால் ஊர்ந்து வந்தன. வால் மாதிரி தாய்மாமனின் ஏசி டாக்ஸி.

"சார், எங்க ஊர் எம்எல்ஏ வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட இவ்ளோ வண்டி வரலை" என்றான்.

"எல்லாம் உங்க அழைப்புக்கு வந்ததுதான் தம்பி. டென்ஷன் மத் லோ, கவலைப்படாதீங்க" என்றார் இத்தாலி.

மேடு ஏறிவிட்டது. காடு முடிகிற இடத்தில் வண்டிகளை அக்கரைக்கு ஏற்றிப்போகும் படகு. வந்த வரிசைப்படி நாங்கள் முதலில் ஏறினோம். பஸ்கள் ஏறியதும் இடம் தீர்ந்தது. கரையில் நின்று கையை ஆட்டி ஏதோ கத்திய தாய்மாமனுக்கு இத்தாலி பட்டுத் துணியை வீசி விடை கொடுத்தார். அவர் அடுத்த படகு பிடித்து, அக்கரையில் அடுத்த கான்வாய்க்கும் காத்திருந்து வந்தபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. இத்தாலியே அவருக்கு இலை போட்டு, "டாக்ஸியில ஏசி நல்லா இருந்துச்சா ஜி?" என்று அன்போடு விசாரித்தார்.

அதற்கு முன்னால் நடந்ததைத்தான் நான் சொல்ல வந்தேன். ரங்கத் மண்டப வாசலில் மேளம் முழங்க, கார் போய் நின்றது. தங்கை ஆரத்தித் தட்டோடு வந்தாள். மாப்பிள்ளை இறங்கித் தயாராக நின்றான். அவள் அவனைத் தாண்டி டிரைவர் பக்கம் வந்தாள்.

"வந்துட்டியாண்ணே" என்றாள்.

ஊரையே பேச்சில் மடக்குகிற மனுஷர் ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை. அவள் முதல் ஆரத்தியை அவருக்குச் சுற்றினாள். முறை தப்புகிறதே என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தப் பயணம் முழுக்க அவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவன் நான். யாரும் கேட்காவிட்டாலும் இன்றைக்கும் அதைச் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.