வாசல் இல்லாத மூங்கில் கூடம்

மூன்று மாதப் பயிற்சியை முடித்துச் சான்றிதழோடு ஊருக்கு வருகிறவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நானே அப்படி வந்தவள்தான் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் பாகூரில் கைத்தொழில் டீச்சராகச் சேர்ந்தேன். இரண்டாம் மாதமே வில்லியனூரில் கண்காட்சி. சுடுமண் குதிரைகள், கோரைப்பாய்கள், மீன் வலைகள் எல்லாவற்றையும் வைக்க ஒரு கூடம் வேண்டும். ஏற்பாட்டுக் கூட்டத்தில் தகரக் கொட்டகை போதும் என்றார்கள். நான் எழுந்து, கூடமே ஒரு கைவினைப் பொருளாக இருக்க வேண்டும், ஓர் ஆணிகூடக் கூடாது, முழுக்க மூங்கில், முடிந்ததும் பிரித்து வேலி கட்டிக்கொள்ளலாம் என்று பேசினேன். (கைதட்டினார்கள். அதுதான் என்னைக் கெடுத்தது.)

நான் வரைந்தது, இரண்டு ஆள் உயரத்துக்குக் கவிழ்த்து வைத்த ஒரு ராட்சசக் கூடை. முடைய வந்தவர் அஞ்சலை அக்கா. கூடை முடைந்தே மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர். படத்தைப் பார்த்ததும் வாசல் எங்கே என்று கேட்டார். பின்னல் அறுபடாமல் சுற்றி வந்தால்தான் அழகு, பொருள்களை உள்ளே அடுக்கிவிட்டுச் சுற்றி முடைவோம், வாசலைக் கடைசியில் வெட்டிக்கொள்ளலாம் என்றேன்.

“முடைஞ்ச கூடைய நடுவுல அறுத்தா நிக்காது டீச்சர்” என்றார்.

அவரை உட்கார வைத்து விசை, இழுவை என்று அரைமணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்து முடையப் போய்விட்டார்.

திறப்பு நாளன்று ரிப்பன் வேண்டாம் என்றும் நானே சொல்லிவிட்டேன். சிறப்பு விருந்தினராக வந்த காரைக்கால்கார அதிகாரி அரிவாளால் வாசலை வெட்டித் திறக்க வேண்டும். வெட்டினார், குனிந்து நுழைந்தார். பின்னால் நானும் இன்னும் நாலு பேரும். ஒரு குதிரையின் கழுத்து மணியைப் பற்றி நான் விளக்கிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேல் சரசரவென்று சத்தம். வெட்டுப்பட்ட மூங்கில் பிளாச்சுகள் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தன. கூரை அவசரமே இல்லாமல் எங்கள் மேல் இறங்கியது. முதலில் குனிந்தோம், பிறகு மண்டியிட்டோம், கடைசியில் குதிரைகளுக்கு நடுவே சம்மணம் போட்டுவிட்டோம். வெட்டிய வாசலும் மூடிக்கொண்டது.

வெளியே ஜனங்கள் பின்னல் இடுக்குகளில் கண்ணை வைத்துப் பார்த்தார்கள். அதிகாரியின் தலைக்கு நேர் மேலே ‘நம் வட்டாரக் கைவினைச் செல்வங்கள்’ என்று நான் எழுதிய பலகை. ஒரு பெரியவர் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இது இன்னா மண்ணுல செஞ்சதுபா?”

“காரைக்கால் மண்ணு” என்றார் அதிகாரி உள்ளேயிருந்து.

வெளியே ஒரே சிரிப்பு. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வேலையை நம்பித்தான் எங்கள் வீட்டில் உலை வைத்தார்கள், அது அன்றோடு போயிற்று என்று நினைத்தேன். யாரோ ஒருவர் ரம்பம் எடுத்து வந்தார். அஞ்சலை அக்கா அவரைத் தடுத்தார்.

“கோழிக்கூடைக்கு யாரு வாசல் வெப்பாங்க? தூக்கி வுடுங்கபா.”

பத்துப் பேர் விளிம்பைப் பிடித்துத் தூக்க, நாங்கள் ஆறு பேரும் வரிசையாக வெளியே வந்தோம். கூடையை மறுபடி கீழே வைக்க அக்கா விடவில்லை. அறுந்த இடத்தை இழுத்துக் கட்டி, விளிம்புக்கு அடியில் சுற்றிலும் கனமான மூங்கில் கால்களை நட்டார். இப்போது எந்தப் பக்கமிருந்தும் நுழையலாம். காற்றும் வெளிச்சமும் தாராளமாக வந்தன. நான் வரைந்ததைவிட அது ஆயிரம் மடங்கு அழகு என்பதை அன்றே ஒப்புக்கொண்டேன். அதிகாரி மேடையில் என்னைப் பாராட்டப் பார்த்தார். நான் அக்காவின் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துப் போனேன். மூன்று நாளும் கூட்டம் நெரிந்தது.

வேலை போகவில்லை, பெயர்தான் போயிற்று. அன்றிலிருந்து நான் ‘கோழிக்கூடை டீச்சர்’. பல வருஷம் கழித்து என் மகளைப் பெண் பார்க்க மதகடிப்பட்டிலிருந்து வந்தவர்களுக்கு என் சொந்தப் பெயர் தெரியவில்லை. தரகர் அந்தப் பெயரைச் சொன்னதும் கூடமே சிரித்தது. காப்பியைக் குடித்து முடித்துவிட்டு மாப்பிள்ளையின் அம்மா சொன்ன பதிலை, எங்கள் வீட்டில் விசேஷத்துக்கு விசேஷம் யாராவது ஒருவர் சொல்லிக் காட்டாமல் இருப்பதில்லை:

“பொண்ண எங்களுக்குப் புடிச்சிருக்குமா. கல்யாணப் பந்தல மட்டும் நாங்களே போட்டுக்கறோம்.”