தளபதியைக் கழிக்கச் சொன்ன மாப்பிள்ளைக்கு

மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தைக் கேட்பது முறை, கேட்டுவிட்டேன்.

உங்கள் ஆய்வுக்கூட அறிக்கை வந்தது. நம் பண்ணைச் சேவல் தளபதியின் விந்தணுக்களுக்கு வெளிச்சவ்வு கிழிந்திருக்கிறதாம், உள்ளே இருக்க வேண்டிய ஆற்றல் மூலக்கூறுகள் கசிந்து போயினவாம், நூற்றில் எட்டுகூட நீந்தவில்லையாம், ஆகவே சேவலைக் கழித்துவிடலாமாம். கீழே உங்கள் கையெழுத்து! பெண்ணைக் கொடுத்த வீட்டுச் சேவலுக்கு இப்படி எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது? ஆறு வருஷம் பொறுக்கி எடுத்து உருவாக்கிய வம்சம் ஐயா அது. அவன் போனால் அந்த வம்சமே போச்சு. போன வருஷம் வரை அவன் பாட்டுக்குக் கோழிகளோடு திரிந்தான், நூறு முட்டை வைத்தால் எண்பத்தைந்து பொரிந்தது. செயற்கை முறையில் கருவூட்டுங்கள், ஒரே சேவல் ஐம்பது கோழிக்குப் போதும் என்று நீங்கள்தான் வந்து ஆரம்பித்து வைத்தீர்கள். இப்போது பன்னிரண்டு பொரிகிறது. தப்பு யார் மேல? நீங்கள் சொன்ன வைட்டமினைத் தீவனத்தில் கலந்தேன். நீங்கள் எழுதிக் கொடுத்த குறிப்புத்தாளில் முதல் வரியே 'விந்து சேகரிக்கும் குழாய் மிகச் சுத்தமாக இருக்க வேண்டும்' என்பதுதான். அதனால் யாரையும் நம்பாமல் நானே மூணு தண்ணி விட்டு அலசி, சொட்டச் சொட்ட எடுத்துக்கிட்டு ஓடுவேன். உங்களுக்கு மாதிரி அனுப்பினதும் அப்படித்தான். இதுக்கு மேல என்னய்யா சுத்தம் வேணும்?

உங்க மாமியார் வேற, "படிச்சவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்"னு கறிக்கடைக்காரரை வரச் சொல்லிட்டா. உங்க வீட்டுக்காரி போன்ல, "அப்பா, உனக்கு மாப்பிள்ளை வேணுமா, சேவல் வேணுமா?"ன்னு கேக்குறா. யோசிச்சுச் சொல்றேன்னேன்.

கோபம் கோபமாக இருக்கட்டும். இருவரும் நோய்நொடி இல்லாமல் இருங்கள்.

இப்படிக்கு,
மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தோடு உங்கள் குறிப்புத்தாளையும் திருப்பி அனுப்பலாம் என்று மடித்தபோதுதான் பின்பக்கமும் எழுத்து இருப்பதைப் பார்த்தேன். 'குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீரும் தங்கக் கூடாது. விந்தணு அதை உறிஞ்சி வீங்கிச் சவ்வு வெடித்துவிடும். முழுக்க உலர்த்திய பிறகே பயன்படுத்தவும்.' அடியில் கோடு வேறு போட்டிருக்கிறீர்கள். கறிக்கடைக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். தளபதியிடம் மன்னிப்பும் கேட்டாயிற்று. உங்களிடம் கேட்க இன்னும் இரண்டு நாள் ஆகும்.